புது ஸ்போர்ட்டி ஹாட்ச்பேக் முன்னோட்டத்துக்கு அழைத்திருக்கிறார்களா? எங்கே குனிந்து பார்க்க வேண்டும், எதை ஓட்டிப் பார்க்க வேண்டும்

விற்பனைக்கு வருமுன் கார் பிரியர்களைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டும் வழக்கம் இங்கே நன்றாகவே ஊன்றிவிட்டது. அரங்கில் விளக்கு, பாட்டு, ஒரு நாடா வெட்டு. பிறகு ஆளுக்குப் பத்து இருபது நிமிடம் ஸ்டீயரிங். அந்த நேரத்தில் ‘பிக்கப் செம’ என்பதைத் தாண்டி ஏதாவது தெரிந்துகொண்டு வர வேண்டுமானால் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சாதா மாடலைவிடக் கூடுதலாகக் கேட்கப்போகும் பணம் இந்த வண்டியில் எங்கே போயிருக்கிறது? எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், டயர், சஸ்பென்ஷன் என ஐந்து இடங்கள்தான் உண்டு. அங்கெல்லாம் போகவில்லை என்றால் ஸ்டிக்கரிலும் சிவப்பு நூல் தையலிலும் போயிருக்கிறது.

போவதற்கு முந்தைய நாள்

அதே காரின் சாதா மாடல் விவரப் பட்டியலை எடுத்து ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: பவர், டார்க் (எஞ்சினின் சுழற்று விசை), எடை, டயர் அளவு, பின் பிரேக் டிஸ்க்கா டிரம்மா. பக்கத்தில் காலியாக ஒரு பத்தி விடுங்கள். முன்னோட்டத்தில் அதை நிரப்பிக்கொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

நம் ஊர் ஸ்போர்ட்டி ஹாட்ச்பேக் பெரும்பாலும் 1.0 அல்லது 1.2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) பெட்ரோலாகவே வருவதற்குக் காரணம் வரி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் இருந்தால்தான் சிறிய கார் வரி. ஹூண்டாய் ஐ20 என் லைன் 998 சிசி, பவர் 120 பிஎஸ், டார்க் 172 என்எம். 2024-ல் வந்த டாடா அல்ட்ராஸ் ரேசர் 1,199 சிசி, 120 பிஎஸ், 170 என்எம். அந்தக் கோட்டைத் தாண்டியவை எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம். 2015-ல் வந்த அபார்த் புன்டோவில் 1.4 லிட்டர் எஞ்சின். 2025-ல் இறக்குமதியாக வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 265 பிஎஸ். வந்தபோது ஷோரூம் விலையே ஏறக்குறைய 53 லட்சம்.

ஆகவே பவர் எண்ணை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள். பவரை டன் கணக்கில் எடையால் வகுத்துப் பாருங்கள். 120 பிஎஸ், 1,100 கிலோ என்றால் டன்னுக்கு 109. அதே எஞ்சின் 1,250 கிலோ வண்டியில் 96. இந்த வித்தியாசம் ஓட்டும்போது காலில் தெரியும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை சில: அசல் ஓட்டுநர் உரிமம், மெல்லிய அடியுள்ள ஷூ, சின்ன டார்ச், டயர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ். தடித்த அடியுள்ள ஷூவில் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதே தெரியாது; செருப்போடு வந்தால் ஓட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது. நுழைவில் நீட்டும் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வண்டி சேதமானால் உங்கள் பொறுப்பு எவ்வளவு, படங்களை எந்தத் தேதிக்கு முன் வெளியிடக் கூடாது, இரண்டும் அதில்தான் இருக்கும்.

நிற்கும் வண்டியில்

எல்லோரும் முன் கிரில்லைப் படமெடுக்கும் நேரத்தில் நீங்கள் பின் சக்கரத்தருகே குனியுங்கள். அலாய் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்தால் பளபளக்கும் தட்டும் அதைக் கவ்வும் காலிப்பரும் தெரிந்தால் டிஸ்க். கறுத்த, மூடிய வட்டச் சட்டி தெரிந்தால் டிரம். டிரம் இருப்பதாலேயே வண்டி மோசம் என்றில்லை, நின்றுவிடும். ஆனால் மலைப்பாதை இறக்கத்தில் திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது டிரம்முக்குள் சூடு தங்கிவிடும். டிஸ்க் சீக்கிரம் ஆறும். ஐ20 என் லைனில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் கொடுத்தார்கள். பணம் எங்கே போனது என்பதற்கு நேரடிச் சான்று அது.

அடுத்தது டயர். பக்கவாட்டில் 195/55 R16 87V என்று இருந்தால் அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். 87 என்பது ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்ற குறியீடு. V என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை, H என்றால் 210. இதையும் சாதா மாடலின் அளவையும் ஒப்பிடுங்கள். ரிம் மட்டும் பெரிதாகி அகலம் அப்படியே இருந்தால் அது அழகுக்காகச் செய்தது: பிடிமானம் அதிகம் ஏறாது, பக்கச் சுவர் குறைந்ததால் பள்ளத்தில் ரிம் வளையும் வாய்ப்புதான் கூடும். நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. டயர் எந்தக் கம்பெனி என்று குறித்துக்கொண்டு, விற்பனை வண்டிக்கும் இதேதானா என்று கேளுங்கள். முன்னோட்ட வண்டிக்கு நல்ல டயரைப் போட்டுவிட்டு ஷோரூம் வண்டிக்கு வேறொன்று போட வழி இருக்கிறது. நீங்கள் ரசித்த வளைவுப் பிடிமானத்தில் பெரும் பங்கு டயருடையது என்பதால் இது சில்லறைக் கேள்வி அல்ல.

பின் பம்பருக்குக் கீழே டார்ச் அடித்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, இரட்டைப் புகைக்குழாய் நிஜமா, பம்பரில் ஒட்டிய பிளாஸ்டிக்கா. இன்னொன்று, இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைக் குறுக்குத் தண்டு. இந்த அளவுக் காரில் அதுதான் வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்டர்கூலர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டர்போ அழுத்தும் காற்று சூடாகும். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு, எஞ்சின் தட்டும் (பெட்ரோல் நேரம் தவறித் தானே எரியும்) அபாயமும் அதிகம். உடனே கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடும். அதைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. முன் பம்பருக்குப் பின்னால், நேர்க் காற்று படும் இடத்தில் இருந்தால் நல்லது. எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்தால் சித்திரை வெயில் டிராஃபிக்கில் அது எஞ்சின் சூட்டையே வாங்கிக்கொள்ளும்.

கதவு இடைவெளி ஒரே சீராக இல்லை, டேஷ்போர்டு ஓரம் கரகரக்கிறது என்பதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். முன்னோட்டத்துக்கு வருபவை பல நேரம் முழு உற்பத்திக்கு முன் செய்த வண்டிகள், அவை மாறும். சீட் வடிவம், பெடல்கள் இருக்கும் இடம், ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகருமா என்பவை மாறா. பிரேக்கை ஓரளவு அழுத்தி வைத்துக்கொண்டு, வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலேட்டரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், கியர் இறக்கும்போது எஞ்சின் வேகத்தைச் சேர்த்து ஏற்றும் வித்தை இந்த வண்டியில் நடக்காது. டிக்கி கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னியின் அளவையும் பார்த்துவிடுங்கள்; பல வண்டிகளில் அது சிறிய இரும்புச் சக்கரம், அதை மாட்டினால் 80-க்கு மேல் போகக் கூடாது என்று எழுதியே இருக்கும்.

ஓட்ட எந்த முறை கேட்பது

கியூவில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் வண்டியே வேறு. முதல் ஆளுக்கு ஆயிலும் டயரும் குளிர்ந்திருக்கும். நடுப்பகலில் ஏழாவது எட்டாவது ஆளுக்கு, ஏசி போட்டபடி நின்று நின்று ஓடி இன்டர்கூலரும் பிரேக்கும் வெந்துபோன வண்டி. காலை அணியில் இரண்டாவது மூன்றாவது முறையைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் கடைசியிலும் ஒரு சுற்று கேளுங்கள். காலையில் இழுத்த அதே இழுவை மதியமும் இருக்கிறதா என்பது நம் ஊருக்கு மிக முக்கியமான சோதனை, அதை யாரும் தானாக முன்வந்து காட்டமாட்டார்கள்.

ஏறுமுன் காற்றழுத்தம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய எண் 33 psi என்றால், ஓடிச் சூடான டயரில் 36, 37 காட்டுவது இயல்பு. குளிர்ந்த நிலையிலேயே 40 இருந்தால் வண்டி தூக்கிப் போடும், நீங்கள் சஸ்பென்ஷனைத் திட்டிவிட்டு வருவீர்கள்.

ஓட்டும்போது

முதல் ஐந்து நிமிடம் 3,000 ஆர்பிஎம்முக்குள். கேஜில் தெரியும் சூடு கூலன்ட்டுடையது. ஆயில் சூடாக அதைவிட நேரமாகும். அந்த நேரத்தை வீணாக்காமல் கிளட்ச் எடை, கியர் விழும் சுத்தம், நடைவேகத்தில் ஊரும் நயம் ஆகியவற்றைக் கவனியுங்கள். டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் தானியங்கி கியர்பாக்ஸ்) என்றால் இதுவே பெரிய பரீட்சை. மணிக்கு 5 கி.மீ.யில் ஒரு நிமிடம் ஊருங்கள். ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு மெல்ல எடுங்கள். ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் உள்ள கியர்பாக்ஸ்கள் அங்கேதான் உதறும், திரும்பத் திரும்பச் செய்தால் கருகல் வாடையும் வரும். சென்னை கத்திப்பாரா நெரிசலில் நீங்கள் தினமும் செய்யப்போவது இந்த ஊர்தல்தான்.

அடுத்தது டர்போ. மூன்றாவது கியர், 1,500 ஆர்பிஎம், ஏறக்குறைய 30, 35 கி.மீ. வேகம். ஆக்சிலேட்டரை ஒரேயடியாக அழுத்தி, முதுகு சீட்டில் பதியும் வரை மனசுக்குள் எண்ணுங்கள். விவரப் பட்டியல் 1,500-லிருந்தே முழு டார்க் என்று சொல்லும். அது எஞ்சினை அந்த வேகத்தில் நிறுத்திவைத்து, டர்போ முழுவதும் சுழன்ற பிறகு அளந்த எண். சாலையில் டர்போ சுழன்று எழ நேரம் வேண்டும். அந்தத் தாமதத்தைத்தான் நீங்கள் எண்ணுகிறீர்கள். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் நிலைக்கு மாற்றி, பெடலை முக்கால்வாசி மட்டும் அழுத்துங்கள். அடிவரை மிதித்தால் கியரைத் தானே இறக்கிவிடும், சோதனை கெட்டுவிடும்.

‘ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தியதும் வண்டி துள்ளுகிறதே என்று மயங்கவேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அது பாதி பெடலுக்கே முக்கால் பதில் தருமாறு மாற்றுவதும், ஸ்டீயரிங்கைக் கனமாக்குவதும்தான். இரு நிலையிலும் முழுப் பெடல் அழுத்திப் பாருங்கள். இழுவை ஒன்றாக இருந்தால் பவர் ஏறவில்லை. சத்தத்துக்கும் இதே கதை. கண்ணாடியை இறக்கி, வெளியிலிருந்து ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். உள்ளே உறுமி வெளியே சாதுவாக இருந்தால் ஸ்பீக்கர் வேலை பார்க்கிறது.

இரண்டாம் கியரில், குறுகிய வளைவிலிருந்து வெளியே வரும்போது முழுப் பெடல் கொடுத்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் பிடுங்குகிறதா? முன் சக்கர இழுவை வண்டிகளில் டார்க் ஏறும்போது வரும் குணம் அது. இரு பக்க டிரைவ் ஷாஃப்ட்டும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் கூடும். லேசாக இருந்தால் பழகிவிடும். சாலையில் ESC-யை (வண்டி சறுக்காமல் தானே பிடிக்கும் அமைப்பு) அணைக்காதீர்கள். டிராக்கிலும் பயிற்சியாளர் சொன்னால் மட்டும்.

பிரேக் சோதனை மூடிய பாதையில்தான். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்திலோ கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ நிகழ்ச்சி என்றால் வாய்ப்பு கிடைக்கும். 80-லிருந்து முழுதாக நிறுத்துங்கள், மூன்று முறை, இடையில் ஆற விடாமல். மூன்றாம் முறை பெடல் ஆழமாக, பஞ்சு போல இறங்கினால் பிரேக் ஆயில் சூடேறிக் கொதிக்கத் தொடங்கிவிட்டது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கத் தாமதித்தால் பேட் கருகிவிட்டது. இரண்டும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் நல்ல ஆயிலும் பேடும் பிறகு மாற்றலாம் என்றாலும், 120 பிஎஸ் கொடுத்த கம்பெனி அதற்கேற்ற பிரேக்கைக் கொடுத்ததா என்பது அங்கே தெரிந்துவிடும். முடித்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவையுங்கள். சூட்டோடு நிறுத்தி வைத்தால் டிஸ்க்கில் பேட் படிந்து பிறகு அதிரும். டர்போவுக்கும் அந்த மெதுச் சுற்று நல்லது.

கடைசியாகக் கெட்ட சாலை. டிராக் மட்டும் காட்டி அனுப்பினால், வாகன நிறுத்துமிட வேகத்தடையிலாவது நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்குங்கள். அடி தட்டுகிறதா, பின்பக்கம் ஒரே குதியில் அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரு குதியில் அடங்கினால் ஷாக் அப்சார்பருக்கு உண்மையிலேயே வேலை செய்திருக்கிறார்கள். கடினமான ஸ்பிரிங் மட்டும் போட்டு ‘ஸ்போர்ட்டி’ என்று விற்றால் ஆடும்.

யாரிடம் என்ன கேட்பது

விற்பனைக்காரர்களை ஷோரூமில் எப்போதும் பிடிக்கலாம். எஞ்சினியர்களை இந்த ஒரு நாள்தான். சாதா மாடலிலிருந்து எந்தெந்தப் பாகத்தின் எண் மாறியிருக்கிறது என்று கேளுங்கள். ஸ்பிரிங், ஷாக், ஸ்டெபிலைசர் பார், பிரேக் பேட், கியர் விகிதம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால் மழுப்ப முடியாது. 2018-ல் டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து கொண்டுவந்த டியாகோ ஜேடிபியில் 114 பிஎஸ் டர்போவோடு கியர் விகிதத்தையும் சஸ்பென்ஷனையும் மாற்றியிருந்தார்கள்; அந்தச் சின்ன வண்டியை இன்றும் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் ஸ்டிக்கர் இல்லை.

கிளட்ச் செட் விலை, டிஸ்க் விலை, அந்த டயர் அளவு ஊர்க் கடையில் கிடைக்குமா, E20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) எஞ்சின் டியூன் செய்யப்பட்டதா, டிராக்கில் ஓட்டினால் வாரன்ட்டி நிற்குமா ஆகியவையும் அவர்களிடமே கேட்க வேண்டியவை. பதிலை அங்கேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேஜைக்குப் போனால் நாலு பேர் கருத்து கலந்துவிடும்.

முன்பதிவு மேஜை வாசலருகே போட்டிருப்பார்கள். விலை அறிவிக்காத நிலையில் பணம் கட்டுவதானால், திருப்பித் தரும் நிபந்தனை ரசீதிலேயே அச்சாகியிருக்க வேண்டும். டீலரிடம் டெமோ வண்டி வந்ததும் அதே தாளோடு போய், முதலில் டயர் பெயரையும் பின் பிரேக்கையும் மறுபடி பாருங்கள்.