ஜப்பானில் குளிர்காலம்: பெட்டியை முன்னால் அனுப்புங்கள், சில்லறையை மடியில் வையுங்கள்

போன பிப்ரவரியில் நானும் மனைவியும் டூர் கம்பெனி எதையும் நம்பாமல் பதினொரு நாள் ஜப்பானில் சுற்றினோம். கிளம்பும் முன் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "குளிர் தாங்குவீங்களா?" குளிரைத் தாங்கிவிடலாம். எங்களைப் படுத்தி எடுத்தவை பெட்டியும் சில்லறையும்தான்.

விசா, விமான டிக்கெட் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு நூறு பதிவுகள் கிடக்கின்றன. எங்கள் வழி இது: டோக்கியோ, நாகானோ, ஷிபு ஒன்சென் (ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று), கனசாவா, ஷிரகவாகோ, தகயாமா, நாகோயா வழியாக மறுபடி டோக்கியோ.

படி 1: எந்தப் பக்கம் பனி என்று பாருங்கள்

ஜப்பானின் நடுவே மலைகள் முதுகெலும்பு மாதிரி ஓடுகின்றன. சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலையில் முட்டும். இந்தப் பக்கம் எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிட்டு, அந்தப் பக்கம் வறண்டு இறங்கும். கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு நம் பக்கம் வெறுங்கையோடு வருமே தென்மேற்குப் பருவக்காற்று, அதே கதை.

அதனால் பிப்ரவரியில் டோக்கியோவில் பெரும்பாலும் பளிச்சென்ற நீல வானம். ஃபுஜி மலை தெளிவாகத் தெரிவதும் இந்த மாதங்களில்தான். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஏறிச் சில மணி நேரத்தில் கனசாவாவில் இறங்கினால், மழையா பனியா என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று முகத்தில் அடிக்கிறது. 'சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது அந்த ஊர்ப் பழமொழி. அங்கே கென்ரோகுஎன் தோட்டத்தில் பைன் மரங்களுக்குக் கூடாரம் போலக் கயிறு கட்டியிருப்பார்கள். ஈரப்பனியின் கனத்தில் கிளை முறியாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதைப் பார்க்கவே போகலாம்.

படி 2: உடை

தடிமனான நீளக் கோட்டு வாங்காதீர்கள். ரயிலில் சீட்டுக்கு அடியிலிருந்து ஹீட்டர் கணுக்காலைச் சுடும், கடைக்குள் போனால் வியர்க்கும். உள்ளே மெல்லிய தெர்மல், நடுவில் ஒரு ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். போதும். ஷூ வழுக்காததாக, சட்டென்று கழற்றக்கூடியதாக இருக்கட்டும். விடுதி வாசலில் நாளுக்கு நான்கு முறை கழற்றவேண்டி வரும்.

அப்புறம் கைரோ. இரும்புத் தூள் காற்றுப்பட்டுச் சூடாகும் சின்னப் பொட்டலம், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். இதில் கையில் வைத்துக்கொள்வது ஒன்று, ஒட்டுவது ஒன்று. என் ஓட்டு ஒட்டுவதற்கே. பனியனுக்கு மேல், இடுப்புக்குப் பின்னால் ஒட்டுங்கள். நேரே தோலில் ஒட்டினாலோ, ஒட்டியபடி தூங்கினாலோ புண்ணாகிவிடும். உதட்டுக்கென்று கொண்டுபோன தேங்காய் எண்ணெய் டப்பாவுக்குள் கல்லாகிவிட்டது. அதை உருக்கியதும் இந்தக் கைரோதான்.

படி 3: பெட்டி

7 நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யெனிலிருந்து 50,000 யெனுக்குப் போய்விட்டது. எங்கள் வழிக்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு. மிச்சமானதில் கொஞ்சத்தை தக்யூபினுக்குச் செலவழியுங்கள். கறுப்புப் பூனை படம் போட்ட லாரி உங்கள் பெட்டியை இந்த ஓட்டலில் வாங்கி அடுத்த ஊர் ஓட்டலில் சேர்த்துவிடும். தூரத்தையும் அளவையும் பொறுத்து ஒரு பெட்டிக்கு சுமார் 2,000 முதல் 3,000 யென். டோக்கியோ ஓட்டல் கவுன்ட்டரிலேயே படிவம் தந்தார்கள். கனசாவா ஓட்டலின் முகவரியோடு, முன்பதிவு யார் பெயரில், எந்தத் தேதியில் தங்கப்போகிறோம் என்பதையும் எழுதவேண்டும். பெட்டி எங்களுக்கு முன்பே போய் எங்களுக்காகக் காத்திருந்தது. நடுவில் ஷிபுவில் இரண்டு இரவு, தோளில் ஒரு பை மட்டும்.

பனித்தெருவில் பெட்டியின் சக்கரம் உருளாது, உழும். ஒருமுறை இழுத்துப் பாருங்கள், தெரியும்.

படி 4: சின்ன ஊர் பஸ்

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டோக்கியோவில் ஐசி கார்டை, அதாவது பணம் ஏற்றிவைத்த அட்டையை, தட்டித் தட்டியே பழகிவிடும். மலைப்பக்கம் பல பஸ்களிலும் சின்ன ரயில்களிலும் அது செல்லாது. நடத்துநரும் கிடையாது, ஓட்டுநர் ஒருவர்தான். பெரும்பாலும் பின்கதவில் ஏறவேண்டும். ஏறியதும் பக்கத்தில் ஒரு சின்ன எந்திரம் நாக்கை நீட்டுவது போலச் சீட்டு ஒன்றை நீட்டும். பெயர் 'செய்ரிகென்', அதில் ஓர் எண் மட்டும் இருக்கும். முன்னால் ஓட்டுநர் தலைக்கு மேலே பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே தெரிவதுதான் உங்கள் கட்டணம். நிறுத்தம் தாண்டத் தாண்டத் தொகை ஏறும். முன்கதவில் இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் ஓட்டுநர் பக்கத்துக் கட்டணப் பெட்டியில் போடவேண்டும்.

நான் சீட்டை எடுக்கவில்லை. விளம்பரத் துண்டு என்று நினைத்துவிட்டேன். இறங்கும்போது 10,000 யென் நோட்டை நீட்டினேன். கட்டணப் பெட்டியில் இருக்கும் எந்திரம் 1,000 யென் நோட்டைத்தான் சில்லறையாக்கும். ஓட்டுநர் ஏதோ கேட்கிறார், வெளியே பனி கொட்டுகிறது, பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். அதில் ஒரு பாட்டி பர்ஸின் உலோகக் கொக்கியை 'டக்' என்று திறந்து என் நோட்டுக்குப் பதிலாக 1,000 யென் நோட்டுகள் பத்தை எண்ணி என் கையில் வைத்தார். நான் எங்கே ஏறினேன் என்று அவரே சொல்லியும் விட்டார். இல்லையென்றால் பஸ் புறப்பட்ட இடத்திலிருந்து கட்டணம் கேட்டிருப்பார்கள்.

முக்கியமான விஷயம்: பல பஸ்களில் கட்டணப் பெட்டி மீதி தராது. நோட்டை மாற்றும் வாய் தனி, காசு போடும் வாய் தனி. பஸ் சிக்னலில் நிற்கும்போதே முன்னால் போய் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பக்கச் சின்ன ரயில்களில் இன்னொரு கூத்து. குளிர் உள்ளே வராமலிருக்கக் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்தவேண்டும். ஏறியதும் உள்ளிருந்து மூடுங்கள். மூடாவிட்டால் யாரும் திட்டமாட்டார்கள், பார்ப்பார்கள்.

படி 5: குரங்கும் வெந்நீரும்

ஜிகோகுதானி குரங்குப் பூங்கா 1964 முதல் இருக்கிறது. காட்டுப்பாதையில் அரை மணி நேரத்துக்கு மேல் நடை, மிதிபட்டு இறுகிய பனி கண்ணாடி போல வழுக்கும். பெங்குவின் மாதிரி சின்ன அடியாக வையுங்கள். குரங்குகள் கழுத்தளவு வெந்நீரில், பென்ஷன் வாங்கிய பெரியவர்கள் போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். தீனி கொடுக்கக் கூடாது, கண்ணைப் பார்த்து முறைக்கவும் கூடாது.

பக்கத்து ஷிபு ஒன்செனில் 9 பொதுக் குளியலறைகள் உண்டு. அங்கே தங்குபவர்களுக்கு விடுதியில் சாவி தருவார்கள். முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்கவேண்டும், உடம்பில் துணி இருக்கக் கூடாது. வெட்கமெல்லாம் ஐந்து நிமிடம்தான். தண்ணீர் கொதித்தால் குளிர்நீர்க் குழாயைத் திறந்து கலந்துகொள்ளலாம், உள்ளே வேறு யாராவது இருந்தால் கேட்டுவிட்டு.

படி 6: சைவம்

கறியே தெரியாத உடான் (தடித்த நூடுல்ஸ்) சூப்பிலும் மீன் சாறு இருக்கும். 'நிக்கு மோ சகானா மோ தபேமசென்', கறியும் மீனும் சாப்பிடமாட்டேன், என்பதை மனப்பாடம் செய்யுங்கள். என்னைக் காப்பாற்றியது சூப்பர் மார்க்கெட்டில் சூடாக விற்கும் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தானியங்கி எந்திரங்களில் சிவப்புப் பட்டை போட்டவை சூடான பானங்கள். டின்னில் சோளச் சூப் கிடைத்தால் கையையும் சூடாக்கிக்கொள்ளலாம்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

பனி கொட்டியதால் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், நடக்கும். மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுடுப்பு தோள்பையில் இருக்கட்டும்.

போனிலேயே சுய்கா (டோக்கியோ பக்கத்து ஐசி கார்டு) வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஐபோனில் ஆகும். வெளிநாட்டில் விற்கும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஆகாது, கார்டுதான். சுற்றுலாக்காரர்களுக்கான வெல்கம் சுய்கா 28 நாள் செல்லும். மீதிப் பணம் திரும்ப வராது, கடைசி நாளே தீர்த்துவிடுங்கள். எனக்கு மிஞ்சியது 310 யென். விமான நிலையத்தில் இரண்டு டின் சோளச் சூப்.