நல்ல கெர்னலுக்கு ஒரு பிரதி: ஃப்ரீபிஎஸ்டி பயனருக்கு

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மூலநிரலைக் கிட் (நிரல் மாற்றங்களைப் பின்தொடரும் கருவி) வழியாகப் புதுப்பித்த கையோடு, அதிலிருந்து கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, கட்டத் தொடங்காதீர்கள். மூலநிரல் இருக்கும் /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவில் 'அப்டேட்டிங்' என்றொரு கோப்பு இருக்கும். கடைசியாக நீங்கள் கட்டிய நாளுக்குப் பிறகு அதில் சேர்ந்த குறிப்புகளைப் படியுங்கள். பிறகு, இப்போது ஒழுங்காக ஓடும் கெர்னலைப் பிரதி எடுங்கள்:

சிபி -ஆர் /பூட்/கெர்னல் /பூட்/கெர்னல்.குட்

புதியதை நிறுவும்போது பழைய கெர்னல் 'கெர்னல்.ஓல்ட்' என்ற பெயரில் தானாகவே இருக்குமே என்று நானும் நம்பியிருந்தேன். ஒருமுறை புதிய கெர்னல் எழுந்தது, ஆனால் நெட்வொர்க் அட்டை வேலை செய்யவில்லை. கெர்னலின் அமைப்புக் கோப்பைத் திருத்தி, மறுபடி கட்டி நிறுவினேன். இம்முறை கெர்னல் பாதியிலேயே நின்றது. ஓல்ட்டுக்குத் திரும்பினால், அங்கே இருந்தது நெட்வொர்க் இல்லாத அந்த முதல் கெர்னல். நிறுவும் நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது எதுவோ அதுதான் ஓல்ட் ஆகிறது. அதற்கு முந்தையது அழிந்துவிடுகிறது. நல்ல கெர்னல் போயே போய்விட்டது. அன்றிலிருந்து 'குட்' பிரதி இல்லாமல் நான் தொடங்குவதே இல்லை.

ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் பொதுவான கெர்னல் அமைப்புக் கோப்பான ஜெனரிக்கை முழுதாக நகலெடுத்துத் திருத்தாதீர்கள். ஜெனரிக்கில் புதிதாகச் சேர்வது எதுவும் பழைய நகலுக்கு வராது. 'வேம்பு' என்று நான் பெயரிட்ட என் அமைப்புக் கோப்பில் இருப்பது மூன்றே வரிகள்:

இன்க்ளூட் ஜெனரிக்
ஐடென்ட் வேம்பு
நோடிவைஸ் எஃப்டிசி

என் கணினியில் ஃபிளாப்பி இல்லை, அதனால்தான் அதற்கான இயக்கியை நீக்கும் கடைசி வரி. கோப்பை ரூட்டின் வீட்டு அடைவில் வைத்து, மூலநிரலில் ஜெனரிக் இருக்கும் கான்ஃப் அடைவிலிருந்து அதற்கு ஒரு இணைப்பு மட்டும் கொடுத்திருக்கிறேன். மூலநிரலையே அழித்துப் புதிதாக இறக்கினாலும் கோப்பு தப்பிவிடும்.

இனி கட்டலாம் (முதல் வரி கெர்னல் தவிர்த்த அடிப்படை நிரல்களைக் கட்டும், அடுத்த இரண்டும் கெர்னலைக் கட்டி நிறுவும்):

மேக் -ஜே4 பில்ட்வேர்ல்ட்
மேக் -ஜே4 பில்ட்கெர்னல் கெர்ன்கான்ஃப்=வேம்பு
மேக் இன்ஸ்டால்கெர்னல் கெர்ன்கான்ஃப்=வேம்பு

என் நான்கு கோர் கணினியில் முதல் கட்டளையே பல மணி நேரம் எடுக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.

மறுதொடக்கத்துக்கு முன் ஆர்சி.கான்ஃப் என்ற தொடக்க அமைப்புக் கோப்பில் டிஆர்எம் கிராஃபிக்ஸ் மாட்யூலை (திரைக்கான இயக்கியை) ஏற்றும் வரியை முடக்கி வையுங்கள். பழைய கெர்னலுக்காகக் கட்டிய மாட்யூல் புதியதைக் கவிழ்த்துவிடக்கூடும். அதை மறுபடி கட்டிய பிறகு வரியைத் திறந்துகொள்ளலாம்.

எழுந்ததும், ஓடும் கெர்னலின் பெயரைச் சொல்லும் 'யூநேம் -ஐ' (சிறிய எழுத்து i) கட்டளையைக் கொடுங்கள். 'வேம்பு' என்று வர வேண்டும். நெட்வொர்க், வட்டு, ஒலி எல்லாவற்றையும் சோதியுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் கெர்னலை ஏற்றும் தொடக்க நிரலான லோடரில் நிறுத்தி 'பூட் கெர்னல்.குட்' என்று தட்டினால் போதும். கட்டிய அடிப்படை நிரல்களை நிறுவும் இன்ஸ்டால்வேர்ல்ட் ஓடிவிட்டால் பழைய கெர்னல் புதிய நிரல்களோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அதனால் திருப்தியான பிறகே அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும் 'எட்க்அப்டேட் -பி' (சிறிய எழுத்து p), 'மேக் இன்ஸ்டால்வேர்ல்ட்', 'எட்க்அப்டேட் -பி' (இம்முறை பெரிய எழுத்து B) என்ற வரிசையில் முடித்துவிட்டு, இன்னொரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள்.