ஹைவேல லேன் மாத்துறது எப்படி: ஒரு ஹாரன் சத்தத்துல நான் கத்துக்கிட்டது

லைசன்ஸ் கைக்கு வந்து மூணாவது வாரம். ஹைவேல 90ல போயிட்டு இருக்கேன், நான் இறங்க வேண்டிய எக்ஸிட் திடீர்னு முன்னாடி வந்துருச்சு, சைடு மிரர பாத்தேன் காலியா இருந்துச்சு, இண்டிகேட்டர போட்ட கையோட ஸ்டீயரிங்கையும் திருப்பிட்டேன், அவ்ளோதான், காதுக்குள்ளயே ஊதுன மாதிரி ஒரு ஹாரன். என் பின் கதவுக்கு நேரா ஒரு கார் வந்துட்டு இருந்திருக்கு. பதறிப்போய் வெடுக்குனு எதிர்ப்பக்கம் ஒடிச்சேன், வண்டி ரெண்டு ஆட்டம் ஆடிட்டு நேராச்சு. ஒரு கீறல் கூட இல்ல, ஆனா அது அந்த கார்க்காரர் பிரேக் போட்டதால, என் சாமர்த்தியம்லாம் ஒண்ணும் இல்ல.

மிரர் காலியா இருந்தா ரோடும் காலின்னு நெனச்சதுதான் தப்பு. பிளைண்ட் ஸ்பாட்னு (எந்த மிரர்லயும் தெரியாத இடம்) கிளாஸ்ல சொல்லும்போது தலைய ஆட்டிருப்போம், ஒரு முழு கார் அதுக்குள்ள மறையும்னு அப்ப மனசுல பதியவே பதியாது. அத குறைக்கணும்னா வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே சைடு மிரர நல்லா வெளிப்பக்கமா தள்ளி வைங்க, உங்க வண்டியோட பக்கவாட்டு ஓரத்துல ஒரு கீத்து தெரிஞ்சா போதும். பாதி கண்ணாடில சொந்த கதவையே ரசிச்சுட்டு போறவங்கதான் நெறைய பேர் (நானும் அப்படித்தான் இருந்தேன்). இருந்தாலும் பிளைண்ட் ஸ்பாட் முழுசா போகாது, அதனால தோளுக்கு மேல திரும்பி ஒரு பார்வை பாத்தே ஆகணும்.

இங்கதான் ஒரு சிக்கல். 90ல போறப்ப ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் போறீங்க. அரை செகண்ட் தலைய திருப்பினா கூட 12 மீட்டருக்கு மேல ரோட்ட பாக்காமயே ஓட்டுறீங்க. அந்த நேரம் பாத்து முன்னாடி போறவர் பிரேக் போட்டா? அதனால லேன் மாத்துற வேலை முன்பக்க இடைவெளியில இருந்துதான் ஆரம்பிக்குது. முன்னாடி வண்டி ஒரு போர்டையோ கம்பத்தையோ தாண்டினதும் எண்ணுங்க, ரெண்டு செகண்டுக்குள்ள நீங்க அங்க போய்ட்டா ரொம்ப ஒட்டி போறீங்கன்னு அர்த்தம், மழைன்னா அத நாலாக்கிக்கோங்க. வேகம் ரெண்டு மடங்கு ஆனா பிரேக் பிடிச்சு நிக்கற தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும்.

இடைவெளி கிடைச்சிருச்சா, நடு மிரர், சைடு மிரர், இண்டிகேட்டர். போட்டுட்டு ரெண்டு மூணு செகண்ட் சும்மா இருங்க, பின்னாடி வர்றவனுக்கு புரியட்டும். அப்புறம் தோள் பார்வை, காலின்னா மெதுவா நகருங்க. ஹைவே வேகத்துல ஸ்டீயரிங்க திருப்பவே வேணாம், லேசா சாய்ச்சாலே போதும். பிரேக்க தொடாதீங்க.

லாரி பக்கத்துல மட்டும் கணக்கு வேற. அதோட கண்ணாடில டிரைவர் முகம் உங்களுக்கு தெரியலன்னா நீங்க அங்க இருக்கறதே அவருக்கு தெரியாது, பக்கவாட்டுலயே ஒட்டி போகாம சட்டுனு தாண்டிருங்க, இல்ல பின்தங்கிருங்க.

பாதி மாறும்போது ஹாரன் கேட்டுச்சுன்னா? ஒடிக்காதீங்க, வந்த மாதிரியே மெதுவா பழைய லேனுக்கு வந்துருங்க. முன்னாடி எவனாவது திடீர்னு நின்னா மட்டும் பிரேக்க முழுசா அழுத்துங்க, ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற பிரேக் வசதி) இருந்தா பெடல் காலுக்கடியில தடதடன்னு அதிரும், பயந்து கால எடுத்துராதீங்க, அது அப்படித்தான் வேலை செய்யும்.

தப்பிச்ச உடனே கை நடுங்கும், எனக்கு வாயே உலர்ந்துருச்சு. அதுக்காக ரோட்டோரத்துல நிறுத்தாதீங்க, இடைவெளிய இன்னும் கூட்டிக்கிட்டு, மெதுவா போற லேன்லயே அடுத்த எக்ஸிட் வரைக்கும் போங்க. எக்ஸிட் விட்டுப்போச்சுன்னா போகட்டும், ரிவர்ஸ்லாம் எடுக்கவே கூடாது. நான் அன்னிக்கு அடுத்ததுல இறங்கி சுத்தி திரும்பி வந்தேன், மொத்தமே 11 நிமிஷம்தான் ஆச்சு.