கேஸ் அடிக்கச் சொல்வதற்கு முன்னால்

சென்னையில் ஏப்ரல் பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக்குகளான எங்களுக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "கூலிங் வரலைங்க. கேஸ் தீர்ந்துபோச்சு போல, வந்து அடிச்சுட்டுப் போங்க."

ஏசியில் கேஸ் தீராது. வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து குறைகிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பது காசைக் காற்றில் விடுவதுதான். ஆனால் கூலிங் வராததற்குக் கேஸ் காரணமாக இல்லாத வீடுகளே அதிகம். அதனால் போன் எடுப்பதற்கு முன் சிலவற்றை நீங்களே பார்த்துவிடுங்கள்.

முதலில் ரிமோட். பனிப்பூ படம் இருந்தால்தான் கூல் மோட். நீர்த்துளி படம் டிரை மோட், விசிறிப் படம் வெறும் காத்து. குழந்தைகள் கையில் ரிமோட் போன வீட்டில் இதை மறக்காமல் பாருங்கள். ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகமா? போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். முனையில் ஒளி மினுங்குவது திரையில் தெரிந்தால் ரிமோட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆன் செய்ததும் கம்ப்ரசர் (வெளிப் பெட்டியில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் மெஷின்) ஓடவில்லை என்று பதற வேண்டாம். அது மூன்று நிமிடம் போலத் தாமதித்துத்தான் ஓடும். மெஷினின் பாதுகாப்புக்கு அப்படி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து ஃபில்டர். இண்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலைத் தட்டுகள் கழன்று வரும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் காத்தும் போகாது. குழாய்த் தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே போதும், எங்களைக் கூப்பிடும் வேலை பாதி குறையும்.

அப்புறமும் குளிரவில்லையா? சமையலறை தெர்மாமீட்டர் இருந்தால் எடுங்கள். ஏசி கால் மணி நேரம் ஓடிய பிறகு, மேலே காத்து உள்ளே போகும் இடத்திலும், கீழே குளிர்காத்து வெளியே வரும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மொட்டை மாடியில் காய்ந்த தளத்தின் சூடும், ஜன்னல் இடுக்கும்தான் உங்கள் பிரச்சினை. கேஸ் அடித்து அதைத் தீர்க்க முடியாது.

வித்தியாசம் குறைவாக இருந்தால் அவுட்டோர் யூனிட்டைப் பாருங்கள். பால்கனியில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் மட்டும். கிரில்லுக்கு வெளியே தொங்குவதை எட்டிப் பார்க்க வேண்டாம். சாதாரண ஸ்பிளிட் ஏசியில் பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் சேரும், ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருந்தால் பெரும்பாலும் நல்லது. மெல்லிசுக் குழாயின் வால்வில் மட்டும் வெள்ளையாகப் பனி கட்டி, தடித்தது காய்ந்து கிடந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். தடித்த குழாய் வரை பனி ஏறியிருந்தால் அது காத்தோட்டக் கோளாறு. ஃபில்டரோ, அதற்குப் பின்னால் காத்தைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலோ அடைத்திருக்கும், இல்லை இண்டோர் விசிறி மெதுவாகச் சுற்றும். பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். ஃபேன் மோடில் விட்டால் தானாக உருகிவிடும்.

மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டில், வருடா வருடம் யாரோ வந்து கேஸ் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "இந்த ஏசிக்கு அப்படித்தான் தம்பி" என்று அந்த அம்மா பழகிப்போயிருந்தார். வால்வில் குழாயின் விரித்த முனையை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட்டுக்குக் கீழே எண்ணெய் கலந்த கறுப்பு அழுக்கு படிந்திருந்தது. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக்கொள்ளும். சோப்பு நுரை தடவினேன். நட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரிசையாக எழும்பியது. குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து (ஃப்ளேர் செய்து) நட்டை இறுக்கியதும் கசிவு நின்றது.

அதனால் கேஸ் அடிக்க வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். லீக் எங்கே என்று காட்டுவீர்களா? அடைத்த பிறகு வேக்குவம் போடுவீர்களா, அதாவது குழாயில் புகுந்த காத்தையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பீர்களா? அவுட்டோர் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடை பார்த்து அடிப்பீர்களா? இப்போது பல ஏசிகளில் இருப்பது ஆர்32 என்ற கேஸ். அது தீப்பிடிக்கக் கூடிய கேஸ் என்பதால், உள்ளே கேஸ் இருக்கும்போதே குழாயைத் தீ வைத்து வெல்டு செய்யும் ஆளை அனுமதிக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் அவுட்டோர் விசிறி சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் "ம்ம்" என்று முனகி நின்றுவிடுகிறதா? கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், இல்லை வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். கம்ப்ரசர் போச்சு என்று யாராவது பெரிய தொகை சொன்னால், உங்கள் கண்முன்னே கெபாசிட்டரை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் இருக்கும்.

இண்டோரிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்தால் ட்ரெயின் பைப் அடைப்புதான் முதல் சந்தேகம். உள்ளே கொழகொழவென்று பாசி பிடிக்கும். வெளிமுனையில் ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை வைத்து இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பைப்பின் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் தண்ணீர் திரும்பும்.

கீசருக்கும் ஒரு வார்த்தை. போர்வெல் தண்ணீர் வீடுகளில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட் மேல் சுண்ணாம்பு படிந்து, சூடாக நேரமாகும், கொதிக்கும் சத்தம் கேட்கும். டேங்கைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆன் செய்தவுடன் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆனால் எலிமென்டில் மின்கசிவு இருக்கலாம். ஆர்சிசிபியை மறுபடி மறுபடி தூக்கிப் போட்டுக் குளிக்காதீர்கள். கீசர் ஸ்விட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், வரும்போது எர்த்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.