படத்துக்கும் ஒரு மூலப்பத்திரம் வேண்டும்

ரெண்டு சென்ட் இடம் வாங்கினாலும் மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்று கேட்கிற ஊர் இது. ஆனால் கூடத்தில் மூன்று தலைமுறையாகத் தொங்கும் தஞ்சாவூர்ப் படம் எப்படி வந்தது என்று கேட்டால், "தாத்தா காலத்துப் படம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தத் தாத்தா? காசு கொடுத்து வாங்கினாரா, கடனுக்கு ஈடாக வந்ததா, பாகம் பிரித்தபோது கிடைத்ததா? அதை எழுதி வைப்பதுதான் உடைமை வரலாறு. மதுரையில் எங்கள் வீட்டுப் படங்களுக்கும் சிலைகளுக்கும் இதைச் செய்ததில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கத்தைவிட அங்கேதான் விஷயம் அதிகம். சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருக்கும், விலை பென்சிலில் எழுதியிருக்கும். விலை அணாவில் இருந்தால், நயா பைசா வந்த 1957-க்கு முந்தைய சீட்டாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முகவரியில் 625 001 என்று பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. ஆனால் சீட்டின் வயது சட்டத்தின் வயதுதான், படம் அதைவிடப் பழையதாக இருக்கலாம். நூற்றைம்பது வருஷப் படம் என்று சொல்லி விற்றதன் பலகை பிளைவுட்டாக இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ரவிவர்மா அச்சுப் படங்களிலும், கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்களிலும் அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அடி ஓரத்தில் இருக்கும். அது சட்டத்துக்குள் மறைந்திருக்கலாம், அல்லது யாரோ வெட்டியிருக்கலாம்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் கிருஷ்ணர் படத்துக்குப் புதுச் சட்டம் போடக் கொடுத்தபோது, பின்னால் இருந்த பழைய அட்டையைக் கடையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதில் தாத்தா கையெழுத்தில் நாலு வரி இருந்தது. நான் படம் எடுத்து வைக்கவில்லை, போனது போனதுதான். அதனால் எதையும் கடைக்குக் கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை, கையொப்பம், சீட்டு எல்லாவற்றையும் ஃபிளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் போனில் எடுங்கள், பழைய அட்டையைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். சட்டத்தின் பின்னால் பென்சிலில் எழுதினால் போதும், பால்பாயிண்ட் பேனாவும் செலோடேப்பும் கூடாது. சிலைக்குப் பருத்தி நூலில் ஒரு சீட்டு கட்டுங்கள். அளவைச் சட்டத்தோடும் சட்டமில்லாமலும் சென்டிமீட்டரில் குறியுங்கள்.

அப்புறம் பெரியவர்களிடம் உட்காருங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். "எந்த வருஷம் வாங்கியது அப்பத்தா?" என்று கேட்டால் "யாருக்குப்பா ஞாபகம்" என்றுதான் பதில் வரும். "பெரிய அத்தை கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா? வைகை அணை கட்டுவதற்கு முன்னாலா? தமிழ் மாநாடு நடந்தபோது இது சுவரில் இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அணை 1959, மாநாடு 1981. இப்படி இரண்டு பக்கமும் நெருக்கினால் பத்து வருஷத்துக்குள் வந்துவிடலாம். படத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, சம்மதம் கேட்டு, பேச்சைப் போனில் பதியுங்கள்.

எழுதும்போது சான்று உள்ளது, ஒருவர் சொன்னது, என் ஊகம் என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், சீர்வரிசைப் பட்டியல், கடை ரசீது எல்லாம் சான்று. சொன்னது என்றால் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதும் வேண்டும். நடுவில் இருபது வருஷம் தெரியவில்லையா, காலியாக விடுங்கள். அழகான கதை ஒன்றை வைத்து அதை நிரப்பினால், அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் "செட்டிநாட்டு வீட்டுச் சாமான்" என்று சொன்னால் எந்த ஊர், எப்போது வந்தது என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீது வெளுத்துவிடும், அன்றைக்கே நகல் எடுங்கள்.

சாமி சிலை என்றால் இன்னும் கவனம் தேவை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 1970 வாக்கிலேயே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காகிதங்கள் சொல்லின. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத்தில் 1994-லும் அது கோயிலில் இருந்தது. 2014-ல் சிலை திரும்பி வந்தது. காகிதம் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள், அது பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கோயிலில் இருந்து போனதோ என்று சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள், சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

1972-ம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் போன்றவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சொந்தப் பொருளே ஆனாலும் தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பதிவுச் சான்றிதழ் இருந்தால் அதன் எண்ணையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

பட்டியலை எக்செல்லில் வைத்தாலும் ஒரு கெட்டி அட்டை நோட்டிலும் படம் ஒட்டி எழுதுங்கள். ஒரு நகலை வேறு வீட்டில், அக்காவிடமோ தம்பியிடமோ கொடுத்து வையுங்கள். எங்கள் நோட்டில் ஏழாம் எண் கண்ணாடி ஓவியத்துக்கு "யாரிடமிருந்து" என்ற இடம் இன்னும் காலி. அடுத்த மாதம் சித்தப்பா வந்ததும் அதை அவர் கையில் கொடுத்துக் கேட்கப்போகிறேன்.