கலிஃபோர்னியாவின் ராட்சத ரெட்வுட் மரக் காட்டில் முதல் தடவை டென்ட் போடப் போகிறீர்களா?

முதல் தடவை போனபோது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் மூன்று பூங்கா என்று திட்டம் போட்டேன். பார்த்ததெல்லாம் கார் கண்ணாடி வழியாகத்தான். ஒரு மரத்தடியில்கூட அரை மணி நேரம் சும்மா உட்காரவில்லை. அதனால் முதல் விதி: ஒரு வார இறுதிக்கு ஒரே காடு.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா. 101 நெடுஞ்சாலையில் வடக்கே நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் நெரிசலில் அது எங்கேயோ போய்விடும். மதியமே கிளம்புங்கள்.

1. இடம் பிடிப்பது

ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் ஆறு மாதத்துக்கு முன்பே புக்கிங் திறந்துவிடும், காலை 8 மணிக்கு. கோடைக்கால சனிக்கிழமைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். கடைசி வாரத்தில் ரத்து செய்கிறவர்கள் நிறைய, தினமும் ஒரு தடவை எட்டிப்பாருங்கள். புதியவர்களுக்கு பர்லிங்டன் முகாம்தான் தோது. பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கழிப்பறையும் உண்டு. கொஞ்சம் சாலைச் சத்தம் வரும், அவ்வளவுதான்.

2. மூட்டை கட்டுவது

ஜூலைதானே என்று மெல்லிய போர்வையோடு போனோம். காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை, வெள்ளையாக உறைந்திருந்தது. ராத்திரியில் 10 டிகிரி செல்சியஸ் சர்வசாதாரணம். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரைதான். ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் தடிமனான பேட் கட்டாயம்.

மழை இல்லாவிட்டாலும் டென்ட்டோடு வரும் மழைத்துணியை மேலே கட்டுங்கள். பசிபிக்கிலிருந்து வரும் மூடுபனி இலைகளில் படிந்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக இறங்கும். மரம் கோடையைக் கடத்த இந்தத் தண்ணீரும் கைகொடுக்கிறது.

புது டென்ட் என்றால் ஒரு தடவை வீட்டு ஹாலில் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்று டார்ச் வெளிச்சத்தில் தேடுவது கொடுமை.

3. வழியில்

வழியில் வரும் கார்பர்வில் ஊரில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள், காட்டுக்குள் சிக்னல் பல இடத்தில் கிடையாது. கார்பர்வில்லைத் தாண்டி 10 கிலோமீட்டரில் 'அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்' பிரியும். 101-க்கு இணையாகவே ஓடும் சுமார் 50 கிலோமீட்டர் பழைய சாலை. நெடுஞ்சாலையை விட்டுவிட்டு இதிலேயே போங்கள்.

விறகை மட்டும் வீட்டிலிருந்து ஏற்றிவராதீர்கள். அதோடு பூச்சியும் மர நோயும் ஊர் விட்டு ஊர் வரும். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

4. சாப்பாடும் கரடியும்

இங்கே கருங்கரடி உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை ரக்கூன். டென்ட் போடும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். வாசனை வரும் எல்லாமே அதற்குள்: புளிசாதம், மிளகாய்ப் பொடி, பற்பசை, சோப்பு, அந்தத் தேங்காய் எண்ணெயும்தான். டென்ட்டுக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம். முதல் ராத்திரி சமையல் வேலை வைத்துக்கொள்ளாமல் கட்டுச்சாதம் கொண்டுபோவது என் பழக்கம்.

5. நடப்பது

சனிக்கிழமை விடிந்ததும் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற ரெட்வுட் தோப்பு. முக்கால் கிலோமீட்டர்தான், சமதரை, குழந்தைகளும் நடக்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே டயர்வில் ஜயன்ட் படுத்துக்கிடக்கிறது. சுமார் 110 மீட்டர் உயரம் நின்ற மரம், 1991 மார்ச் 24 அன்று விழுந்தது. நுனியிலிருந்து வேர்வரை அதன் பக்கமாகவே நடந்து வாருங்கள். நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்குமே தவிர அளவு புரியாது. படுத்த மரத்தோடு நடக்கும்போதுதான் புரியும். முடிவில் பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டைக் கவனியுங்கள். ஆணிவேரே இல்லை. வேர்கள் ஆழம் போகாமல் பக்கவாட்டில் முப்பது மீட்டர் வரை பரவி, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்ளும். பாதையை விட்டு இறங்காதே என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். நாம் மிதித்தால் மேல்மண் இறுகி அந்த வேர்கள் பாழாகும்.

மதியம் மட்டோல் ரோடு வழியாக ராக்ஃபெல்லர் ஃபாரஸ்ட். சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அங்கே புல் க்ரீக் ஓடை ஓரமாக எவ்வளவு தூரம் தோன்றுகிறதோ அவ்வளவு நடங்கள். ஓடையைக் கடக்கும் நடைபாலங்களைக் கோடையில்தான் போடுவார்கள். மூன்று மூன்றாக இலை விட்ட செடியைத் தொடாதீர்கள்: பாய்சன் ஓக், பட்டால் ஒரு வாரத்துக்கு மேல் அரிக்கும்.

உலகத்திலேயே உயரமான மரமான ஹைப்பீரியனைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அது இன்னும் வடக்கே, ரெட்வுட் தேசியப் பூங்காவில். மிதித்து மிதித்தே அந்த இடத்தைக் கெடுத்ததால் 2022-இல் மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

6. கிளம்பும்போது

ஞாயிறு காலை டென்ட் ஈரமாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை, அப்படியே சுருட்டி டிக்கியில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு ராத்திரியே பால்கனியில் விரித்துவிடுங்கள். அலுப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்ட டென்ட் மூன்றாம் நாள் பூசணம் பூத்துக் குப்பைக்குப் போனது.