பத்து மணிக்கு டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

ஜனவரி பிறந்தால் போதும், காலை ஆறே முக்காலுக்கு, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் மின்தூக்கியில் புது முகங்கள். தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகள், தோளை அழுத்தும் பை, பள்ளி இடைவேளைச் சாப்பாட்டுக்குப் புத்தம் புது டப்பா. பக்கத்தில் தூக்கம் கலையாத அம்மாவோ அப்பாவோ. "இன்னிக்கு என்ன கட்டினீங்க?" என்று பேச்சுக் கொடுத்தால், ஒன்பது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. சிப்ஸ் வேண்டாம், இனிப்பு வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

ராத்திரிச் சோற்றைக் காலையில் சூடாக்கிக் கட்டுவது

போன வாரம் ஒரு தங்கை சொன்னார்: "ராத்திரி வடிச்ச சோறுதான் அக்கா. அடுப்பு மேலேயே இருந்துச்சு. காலையில மைக்ரோவேவ்ல நல்லா சூடு பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாது."

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. என் மூத்தவன் தொடக்கநிலை ஒன்றில் இருந்தபோது நானும் இதையேதான் செய்தேன். முதல் நாள் இரவு தேங்காய்ச் சாதம் கிளறி, பாத்திரத்தோடு மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கினேன். முகர்ந்தும் பார்த்தேன், வாசனையில் குறையே இல்லை. எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி அடைத்து மூடினேன். பத்து மணி இடைவேளையில் சாப்பிட்டிருக்கிறான். பன்னிரண்டுக்குப் பள்ளியிலிருந்து போன். வகுப்பிலேயே வாந்தி, சட்டையெல்லாம் நனைந்து, நான் போய்ச் சேரும்போது அலுவலக நாற்காலியில் சுருண்டு கிடந்தான். மருந்தகத்தில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சோறு எப்போது வடித்தது?"

அன்றுதான் எனக்கு விளங்கியது. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். அவை சமைக்கும் சூட்டிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம், கக்கிய நஞ்சு போகாது. மூக்குக்கும் நாக்குக்கும் அது தெரியவும் தெரியாது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நம் ஊர்ச் சமையலறை ராத்திரியிலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கும்.

"அந்தக் காலத்துல பழைய சோறு சாப்பிடலையா?" என்று மாமியார்கள் கேட்பார்கள். அதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பார்கள், அது வேறு சமாச்சாரம். அடுப்பு மேல் சும்மா கிடந்த சோறு பழைய சோறு ஆகிவிடாது.

ராத்திரியே வடித்தாக வேண்டுமென்றால் அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் ஆவி வரும்வரை சூடாக்குங்கள். அப்புறம் டப்பா விஷயம். நிறையப் பேர் வெந்நீர் ஃபிளாஸ்க் மாதிரியான சாப்பாட்டுக் குடுவை வாங்கிவிட்டு, அதில் இளஞ்சூட்டுச் சோற்றைப் போடுகிறார்கள். குடுவை எதையும் சூடாக்காது, இருக்கிற சூட்டைத்தான் காக்கும். இளஞ்சூட்டைப் போட்டால் நாலு மணி நேரமும் அதே இளஞ்சூட்டில், கிருமிக்குப் பிடித்த பதத்தில், பத்திரமாக வைத்திருக்கும். முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கொட்டிவிட்டுக் கொதிக்கக் கொதிக்க உணவைப் போட்டு, விளிம்புவரை நிரப்புங்கள். பாதிக் குடுவை சீக்கிரம் ஆறிவிடும்.

சாதாரண டப்பா என்றால் சூட்டோடு மூடவே கூடாது. மூடியில் முத்து முத்தாக வேர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றிலேயே சொட்டும். தட்டில் பரப்பி மின்விசிறியில் பத்து நிமிடம் ஆற விட்டு மூடுங்கள். அன்று காலையில் செய்த புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, பொடி தடவிய இட்லி, சப்பாத்தி எல்லாம் பத்து மணிவரை தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. தயிர்ச்சோறு கட்டுவதானால் தயிர் குளிர்பெட்டியிலிருந்து வரட்டும், பக்கத்தில் ஒரு ஐஸ் பை இருக்கட்டும்.

அன்றைய வாந்தி ஒரே நாளில் நின்றது. ஆனால் என் டப்பாவை அவன் மறுபடி திறக்க நாலு மாதம் ஆனது. "கேன்டீன்ல வாங்கிக்கிறேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துபோவான். அந்த நாலு மாதத்தை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சோற்றுக்குத் துணையாக உருளைக்கிழங்கு

மாவுச்சத்துக்கு மாவுச்சத்தே துணை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தைப் பாருங்கள்: பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம். நம் டப்பாவில் முக்கால்வாசி சோறு, மீதியில் உருளை வறுவல். ஒரு அவித்த முட்டை, வெள்ளரித் துண்டு நாலு, ஒரு கைப்பிடி சுண்டல் சேர்த்தாலே டப்பாவின் முகம் மாறிவிடும். தேக்கா சந்தையில் ஒரு நடை நடந்தால் வாரத்துக்கான காய் கிடைத்துவிடும்.

கரடி முகம், முயல் காது

டப்பாச் சோற்றைப் பொம்மை முகமாக்கும் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் கடற்பாசித் தாளில் கண் வெட்டி, சோற்றைக் கையால் உருட்டி உருட்டி அரை மணி நேரம் செலவழிப்பது கிருமிக்கு இன்னொரு வாசல். நிறத்தில் கற்பனையைக் காட்டுங்கள். பீட்ரூட் சாறு பிசைந்த சப்பாத்தி, கீரை இட்லி, மஞ்சள் மக்காச்சோளம். ஞாயிறு மாலை பிள்ளையையே உட்கார வைத்து வாரத்துக்கு எது எது என்று கேளுங்கள். தானே தேர்ந்ததை அது மிச்சம் வைப்பது குறைவு. என் சின்னவள் பாகற்காய் வறுவலைக் கேட்டு வாங்கியதும் அப்படித்தான்.

திறக்க முடியாத மூடி

வீட்டில் மூன்று தடவை திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்காவிட்டால் வேறு டப்பா.

ஊட்டிப் பழக்கிய பிள்ளை

இடைவேளை பெரும்பாலும் அரை மணி நேரம்தான். அதற்குள் கழிவறை, கை கழுவுவது, இடம் பிடிப்பது, நண்பனோடு பேச்சு எல்லாம் உண்டு. சாப்பிடப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். வீட்டில் டிவி முன்னால் முக்கால் மணி நேரம் ஊட்டப்பட்ட குழந்தை அங்கே டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். டிசம்பர் விடுமுறையிலேயே தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பழக்குங்கள். இட்லியை நாலாக வெட்டுங்கள், தோசையைச் சுருட்டுங்கள். அளவையும் குறையுங்கள். இது மதியச் சாப்பாடு இல்லை.

வேர்க்கடலை

கட்டும் முன் வகுப்பாசிரியரைக் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கலாம்.

பானம்

தண்ணீர்.

சோதித்துப் பார்க்காமலே கொடுப்பது

புதிதாக எதைக் கட்டுவதானாலும் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அதை டப்பாவில் போட்டுப் பையில் வைத்து, குளிர்சாதனம் இல்லாத அறையில் விடுங்கள். பத்து மணிக்குத் திறந்து, பிள்ளை தின்னப்போகும் அதே கரண்டியால் நீங்கள் தின்றுபாருங்கள். ருசியும் பதமும் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் இது; ராத்திரிச் சோற்றின் நஞ்சை இது காட்டாது. ராத்திரிச் சோறு கட்டிய தங்கையிடமும் இதைச் சொன்னேன். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்துப் பார்த்திருக்கிறார். பத்து மணிக்குச் சட்னி புளித்து, ஓரத்தில் நுரை கட்டியிருந்ததாம். திங்கட்கிழமை மின்தூக்கியில் டப்பாவை எனக்குத் திறந்தே காட்டினார். ஆறிய குட்டி இட்லி, மேலே எள்ளுப்பொடி, ஓரத்தில் கேரட் துண்டுகள்.